வீட்டில் வாழும் முதியோரின் தசை இழப்பு: கண்டறிந்து மீட்பதற்கான முழுமையான வழிகாட்டி

எழுபது வயதைக் கடந்த அப்பாவோ அம்மாவோ நாற்காலியின் கைப்பிடியை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால், பெரும்பாலான வீடுகளில் ‘வயதாகிவிட்டது’ என்று சொல்லி அதோடு விட்டுவிடுகிறோம். அந்தத் தளர்ச்சியில் வயதின் பங்கு உண்மையிலேயே உண்டு. ஆனால் உழைப்புக் குறைவு, புரதக் குறைவு, நோயில் படுத்த நாட்கள் ஆகியவற்றின் பங்கும் அதில் பெரிது. அந்தப் பங்கைத் திருப்பி எடுக்க முடியும். மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ அல்லாமல் தம் வீட்டிலேயே வாழும் முதியவர்களுக்காகவும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்காகவும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

வயது சார்ந்த தசை இழப்புக்கு ‘சார்கோபீனியா’ என்ற பெயரை 1989-இல் முன்வைத்தவர் அமெரிக்க ஊட்டச்சத்து அறிஞர் இர்வின் ரோசன்பெர்க். ஆனால் அமெரிக்காவின் நோய்க் குறியீட்டுப் பட்டியலில் அதற்குத் தனி எண் கிடைத்தது 2016-இல்தான். இன்றும் பல மருத்துவமனைகளில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் தவறாமல் பார்க்கப்படுகின்றன. கால் வலிமையை யாரும் அளப்பதில்லை.

உடலுக்குள் நடப்பது என்ன?

தசை நார்களை இயக்கும் நரம்பணுக்கள் தண்டுவடத்தில் இருக்கின்றன. வயது ஏற ஏற அவற்றில் ஒரு பகுதி இறந்துபோக, அவற்றை நம்பியிருந்த தசை நார்களில் சிலவற்றை அண்டையிலுள்ள நரம்பு தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. எஞ்சியவை சுருங்கி மறைகின்றன. வேகமாகச் சுருங்கி விசை தரும் நார்களே முதலில் மெலிகின்றன. கால் தடுக்கும்போது சட்டென்று அடுத்த காலை முன்வைத்து உடலைத் தாங்குவது அந்த நார்களின் வேலை என்பதால், நடை ஓரளவு நன்றாக இருக்கும்போதே சிலர் விழத் தொடங்குகிறார்கள். இதோடு, உண்ட புரதத்தைத் தசையாக மாற்றும் திறனும் மங்குகிறது. இளைஞருக்குப் போதுமான அதே உணவும் அதே உழைப்பும் முதியவரின் தசையைத் தூண்டப் போதுவதில்லை.

அமெரிக்காவில் எழுபதுகளில் இருந்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வொன்றில், தசையின் அளவு குறைந்த வேகத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் காலின் வலிமை குறைந்தது. ஆகவே கண்ணால் பார்த்துத் தசையை மதிப்பிடுவது ஏமாற்றும். பருத்த உடலுக்குள்ளும் தசை மெலிந்திருக்கக்கூடும். தொப்பையும் மெல்லிய கால்களும் சேர்ந்த உடலமைப்பு நம் ஊர் முதியவர்களிடம் அடிக்கடி காணப்படுவது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது இரட்டைச் சுமை. இன்சுலின் தூண்டும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்வாங்கும் முதன்மையான இடம் தசைதான்.

முதல் படி: வீட்டிலேயே அளந்து பார்த்தல்

இந்தப் படிக்கு ஒரு நாற்காலி, ஒரு அளவு நாடா, கைபேசியிலுள்ள நேரங்காட்டி ஆகிய மூன்றும் போதும். கீழே சொல்லப்படும் எல்லை அளவுகள், ஆசிய நாடுகளின் மருத்துவக் குழு 2019-இல் வெளியிட்டவை. ஐரோப்பிய அளவுகள் இவற்றிலிருந்து சற்று மாறுபடுவதால், இணையத்தில் வேறு எண்களைக் கண்டால் குழம்ப வேண்டாம்.

முதலில் கெண்டைக்காலை அளந்துகொள்ளுங்கள். அதன் மிகப் பருத்த இடத்தில் நாடாவை இறுக்காமல் சுற்றும்போது, ஆண்களுக்கு 34 செ.மீ., பெண்களுக்கு 33 செ.மீ. அளவுக்குக் கீழே இருந்தால் அடுத்த சோதனைகளுக்குச் செல்ல வேண்டும். நாடா இல்லாவிட்டால் ஜப்பானில், வீட்டில் வாழும் முதியவர்களிடம் சோதித்துப் பார்க்கப்பட்ட எளிய முறை ஒன்று உண்டு: இரு கைகளின் கட்டைவிரல்களையும் ஆள்காட்டி விரல்களையும் சேர்த்து வளையமாக்கிக் கெண்டைக்காலைச் சுற்றிப் பிடிக்கும்போது, வளையத்துக்கும் காலுக்கும் இடையே இடைவெளி விழுந்தால் அது எச்சரிக்கை. கால் வீக்கம் உள்ளவர்களிடமும் உடல் பருத்தவர்களிடமும் இந்த அளவுகள் பொய்யான நிம்மதியைத் தரும் என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்து நாற்காலிச் சோதனை. சுவரை ஒட்டிப் போட்ட, கைப்பிடி இல்லாத, உறுதியான நாற்காலியில் அமரச் செய்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுமையாக எழுந்து அமரச் சொல்லுங்கள். இதற்கு 12 விநாடிகளோ அதற்கு மேலோ ஆனால் கால் வலிமை குறைந்திருக்கிறது என்று பொருள். கைகளை ஊன்றாமல் ஒருமுறைகூட எழ முடியாதவருக்கு நேரத்தை அளக்கத் தேவையே இல்லை. விடை அங்கேயே கிடைத்துவிட்டது. சோதனையின்போது ஒருவர் பக்கத்தில் நின்றாக வேண்டும்.

நடை வேகத்தைத் தாழ்வாரத்திலோ மொட்டை மாடியிலோ பார்க்கலாம். தரையில் 6 மீட்டரைக் குறித்துக்கொண்டு, கோட்டுக்குச் சற்று முன்பிருந்தே வழக்கமான வேகத்தில் நடக்கச் செய்யுங்கள். அந்த 6 மீட்டரைக் கடக்க 6 விநாடிக்கு மேல் ஆனால், நொடிக்கு ஒரு மீட்டர் என்ற எல்லைக்குக் கீழே நடை இறங்கிவிட்டது. போட்டிக்கு நடப்பதுபோல் நடந்து காட்டும் பெரியவர்கள் உண்டு. அவர்களை இரண்டாம் முறை இயல்பாக நடக்க விட்டு அளப்பது நல்லது.

மருத்துவர்கள் கேட்கும் ஐந்து கேள்விகளும் இங்கே பயன்படும். நாலரைக் கிலோ எடையைத் தூக்கிச் செல்வது, அறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பது, படுக்கையிலிருந்தோ நாற்காலியிலிருந்தோ எழுவது, பத்துப் படிகள் ஏறுவது ஆகிய நான்கிலும் சிரமம் இல்லையென்றால் 0, ஓரளவு என்றால் 1, மிகுதி அல்லது முடியவில்லை என்றால் 2. கடந்த ஓராண்டில் விழவே இல்லை என்றால் 0, ஒன்று முதல் மூன்று முறை விழுந்திருந்தால் 1, நான்கு அல்லது அதற்கு மேல் என்றால் 2. கூட்டுத்தொகை 4 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 4-க்குக் கீழே வந்துவிட்டதே என்று நிம்மதி அடைய வேண்டாம். இந்தக் கேள்விகளுக்குத் தப்பிவிடுபவர்கள் பலர், நாற்காலிச் சோதனையில் அகப்படுகிறார்கள்.

வலிமையோ நடையோ குறைந்திருப்பது தெரிந்தாலே ‘தசை இழப்பு இருக்கக்கூடும்’ என்று கொண்டு உணவையும் பயிற்சியையும் தொடங்கிவிடலாம் என்பதுதான் அந்த ஆசியக் குழுவின் பரிந்துரை. ஸ்கேன் எடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மாதங்களைக் கடத்துவதில் எந்த நன்மையும் இல்லை.

இரண்டாம் படி: மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

பயிற்சிக்கு முன் ஒருமுறை மருத்துவரைப் பார்ப்பது, தடை போடுவதற்காக அல்ல. மறைந்திருக்கும் வேறு காரணங்களை விலக்குவதற்காக. முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் உடல் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தால், அதை வெறும் தசை இழப்பு என்று எண்ணிவிடக் கூடாது. புற்றுநோய், தைராய்டு மிகைப்பு, காசநோய், கட்டுப்படாத சர்க்கரை, மனச்சோர்வு ஆகியவற்றைத் தேட வேண்டும். நீண்ட நாள் உட்கொள்ளும் ஸ்டீராய்டு மாத்திரை தசையை மெலிய வைக்கும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையால் சிலருக்குத் தசை வலி வரலாம். ஆனால் அதைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. ஒரு பக்கக் கை, கால் மட்டும் திடீரென வலுவிழந்தால் அது பக்கவாதமாக இருக்கக்கூடும்; அப்போது உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பிடிவலிமையை அளக்கும் கருவி இருந்தால் அளக்கச் சொல்லுங்கள். ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே இருப்பது குறைவு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் டி ஆகிய பரிசோதனைகள் பொதுவாகப் போதும். நோயை உறுதிசெய்யத் தேவைப்பட்டால், எலும்பு அடர்த்தி பார்க்கும் அதே டெக்சா கருவியால் கைகால்களின் தசை அளவையும் கணக்கிட முடியும்.

அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், நடந்தாலே நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வருபவர்கள், இரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்கள், எலும்பு முறிந்து ஆறாதவர்கள், கண் அறுவை செய்து சில வாரங்களே ஆனவர்கள் ஆகியோர் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் அடுத்த படிக்குச் செல்லக் கூடாது.

மூன்றாம் படி: எதிர்ப்பு விசைப் பயிற்சி

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் பின்பற்ற முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். தினமும் காலையில் பூங்காவில் நடப்பவர்கள் தமக்கு இது தேவையில்லை என்று நினைக்கிறார்கள். நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மிகவும் நல்லது. ஆனால் சமதரையில் நடப்பது, மெலிந்துவரும் தொடைத் தசையை வளர்க்கும் அளவுக்குச் சுமை தருவதில்லை. தசை வளர வேண்டுமானால், தனக்குச் சற்றுக் கடினமான ஒரு விசையை அது எதிர்த்து வேலை செய்தாக வேண்டும்.

‘இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?’ என்ற கேள்விக்கு 1990-இலேயே விடை கிடைத்துவிட்டது. பாஸ்டன் நகர முதியோர் இல்லமொன்றில், தொண்ணூறு வயதை ஒட்டிய, உடல் மிகத் தளர்ந்த ஒரு சிறு குழுவுக்கு எட்டு வாரங்கள் கடினமான எடைப் பயிற்சி தரப்பட்டது. அவர்களது கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. வீட்டில் வாழ்பவர்களுக்கான சான்று பின்னர் வந்தது. பதினோரு ஐரோப்பிய நாடுகளில் எழுபது வயதுக்கு மேற்பட்ட, தளர்ச்சியும் தசைக் குறைவும் கொண்ட 1519 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், உடல் திறன் மிகக் குறைந்திருந்த சுமார் 1200 பேரைத் தனியே பார்த்தபோது, பல்வகைப் பயிற்சியும் உணவு ஆலோசனையும் பெற்றவர்களில் 46.8 விழுக்காட்டினர் நடமாடும் திறனை இழந்தனர். நலவாழ்வு வகுப்புகளுக்கு மட்டும் சென்றவர்களில் அது 52.7 விழுக்காடு. வித்தியாசம் மிகப் பெரிதல்ல என்று தோன்றலாம். ஆனால் உதவியின்றி 400 மீட்டர் நடக்க முடிவதும் முடியாமல் போவதும் ஒருவர் தாமாகக் கோயிலுக்கும் கடைக்கும் போவதையே தீர்மானிக்கின்றன என்பதால், அதை நான் பெரிதாகவே கருதுகிறேன்.

வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு விட்டு, அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். தொடங்குமுன் ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே நடந்து உடலைச் சூடாக்க வேண்டும். பயிற்சிகளில் முதன்மையானது நாற்காலியிலிருந்து எழுந்தமர்தல். முதல் வாரங்களில் இரு கைகளையும் ஊன்றி எழலாம். பிறகு ஒரு கை. பிறகு கை ஊன்றாமல். அதன்பின் எழுவது இயல்பான வேகத்திலும் அமர்வது மனத்துக்குள் நான்கு எண்ணும் அளவுக்கு மெதுவாகவும் இருக்கட்டும். அதுவும் எளிதாகிவிட்டால் இரண்டு கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழலாம். முட்டித் தேய்மானம் உள்ளவர்கள் இதைக் கைவிட வேண்டியதில்லை. தடித்த தலையணையைப் போட்டு இருக்கையை உயர்த்திக்கொண்டால் முட்டி மடியும் கோணம் குறைந்து வலி தணியும். தொடைத் தசை வலுப்பெறுவதே முட்டித் தேய்மானத்துக்குச் சொல்லப்படும் முதன்மையான சிகிச்சைகளில் ஒன்று.

அதோடு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு இரு குதிகால்களையும் உயர்த்தி இறக்குதல், ஒவ்வொரு காலையும் பக்கவாட்டில் தூக்குதல், அமர்ந்த நிலையில் கணுக்காலில் எடை கட்டி முட்டியை நீட்டுதல், சுவரில் கை ஊன்றி மார்பை முன்னும் பின்னும் கொண்டுசெல்லுதல், தண்ணீர் நிரப்பிய பாட்டிலை இடுப்பை நோக்கி இழுத்துத் தூக்குதல் ஆகியவை சேர்ந்தால் உடலின் பெரிய தசைகள் எல்லாம் வேலைபெறும். கருவி வாங்கத் தேவையில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அரைக் கிலோ உப்பைத் துணிப்பையில் தைத்துக் கட்டினால் அது கணுக்கால் எடை.

ஒவ்வொன்றையும் 8 முதல் 12 முறை, முதலில் ஒரு சுற்று, சில வாரங்களில் இரண்டு அல்லது மூன்று சுற்று என்று செய்ய வேண்டும். கடினத்தை 10-க்கு மதிப்பிடச் சொன்னால், தொடக்கத்தில் 5 என்றும் இரண்டாம் மாதத்தில் 7 என்றும் பதில் வர வேண்டும். பல வீட்டுப் பயிற்சிகள் பயனற்றுப் போவது இங்கேதான்: மூன்றாம் வாரத்தில் எளிதாகிவிட்ட பயிற்சியையே ஆண்டு முழுவதும் செய்துகொண்டிருப்பார்கள். 12 முறை செய்வது அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாட்களில் எளிதாக இருந்தால் எடையைக் கூட்டியே ஆக வேண்டும்.

எழும்போது மூச்சை வெளிவிட வேண்டும். அடக்கினால் இரத்த அழுத்தம் ஏறும். அடுத்த இரண்டு நாட்களுக்குத் தசையில் மந்தமான வலி இருப்பது இயல்பு. மூட்டில் குத்தும் வலி வந்தால் அந்த அசைவை நிறுத்த வேண்டும். இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யக் கூடாது. கையெட்டும் தூரத்தில் சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும்.

சமநிலைப் பயிற்சியை வாரத்தில் மூன்று நாட்களாவது சேர்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். மேடையின் ஓரத்தில் நின்று, ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் விரல்நுனியில் தொடும்படி வைத்துப் பத்து விநாடி நிற்பதில் தொடங்கலாம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 1990-களில் உருவான வீட்டுப் பயிற்சித் திட்டம், கணுக்கால் எடையும் இத்தகைய சமநிலைப் பயிற்சியும் நடையும் மட்டுமே கொண்டது. அது முதியவர்கள் விழுவதை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது.

தனியாகத் தொடங்க அஞ்சுபவர்கள் இயன்முறை மருத்துவரின் உதவியைப் பெறலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், தேவைப்படுவோருக்கு வீட்டுக்கே வந்து தரப்படும் இயன்முறைச் சிகிச்சையும் அடங்கும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

பயிற்சி நேரத்துக்கு வெளியேயும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தரையில் அமர்ந்து உண்பதும், குந்தி எழுவதும், கிணற்றில் நீர் இறைப்பதும் ஒரு தலைமுறைக்குத் தினசரிப் பயிற்சியாக இருந்தன. அவை வீட்டைவிட்டுப் போன பிறகு, எஞ்சியிருக்கும் சிறு வேலைகளையும் ‘நீங்கள் உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று அன்பினால் பறித்துவிடுகிறோம். துணி மடிப்பதையும், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதையும், காய் வாங்கி வருவதையும் அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: புரதத்தைக் கூட்டுதல்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தது, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். முதியவர்களின் தசைக்கு இது போதாது என்பது 2013-இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று எட்டிய முடிவு; அவர்கள் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரையும், நோயுற்றவர்களுக்கு 1.5 கிராம் வரையும் சொன்னார்கள். 55 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 55 முதல் 66 கிராம். சிறுநீரகம் கடுமையாகப் பழுதடைந்து டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது. அவர்கள் மருத்துவர் சொல்லும் அளவையே பின்பற்ற வேண்டும்.

நம் வழக்கமான உணவில் இந்த அளவு தானாக வந்துவிடாது. காலையில் இட்லி, மதியம் சோற்றோடு நீர்த்த சாம்பாரும் ரசமும், இரவில் இரண்டு தோசை என்று உண்பவருக்கு வயிறு நிறைகிறது, புரதம் பாதியில் நிற்கிறது. தனியாக வாழும் பெண்கள் தமக்கென்று சமைக்க மனமில்லாமல் தயிர்சோற்றோடும் ஊறுகாயோடும் நாளை முடிப்பதும், விரதங்கள் கூடிக்கொண்டே போவதும் நிலைமையை மோசமாக்குகின்றன.

ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் சமைத்த மீனில் 20 கிராமுக்குச் சற்று மேல், 200 மில்லி பாலில் 6 கிராமுக்கு மேல், 30 கிராம் பருப்பில் 7 கிராம், 30 கிராம் வேர்க்கடலையில் 7 கிராம், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12 கிராம், 50 கிராம் பன்னீரில் 9 கிராம், உலர்ந்த சோயா உருண்டை 30 கிராமில் 15 கிராம் என்று தோராயமாகக் கணக்கிடலாம். காலை இட்லியோடு இரண்டு முட்டை, மதியம் கெட்டியான பருப்பும் மீனும் தயிரும், மாலையில் சுண்டல், இரவில் சப்பாத்தியும் ஒரு தம்ளர் பாலும் என்றால் 60 கிராமைத் தாண்டிவிடும். சைவ உணவுக்காரர்கள் முட்டைக்கும் மீனுக்கும் பதிலாக அடை, பெசரட்டு, சோயா, பன்னீர் ஆகியவற்றை நாடலாம். அரிசியோடு பருப்பு சேரும்போது ஒன்றில் குறையும் அமினோ அமிலத்தை மற்றது ஈடுசெய்கிறது.

ஒரே வேளையில் குவிக்காமல் மூன்று வேளையும் 20 கிராமுக்குக் குறையாமல் பிரிப்பது நல்லது. காலை உணவில்தான் பெரும்பாலும் பள்ளம் விழுகிறது என்பதால் திருத்தத்தை அங்கே தொடங்குங்கள். பல் இல்லாததால் கறியையும் கடலையையும் ஒதுக்குபவருக்கு முதல் சிகிச்சை பல் மருத்துவரிடம் இருக்கிறது. அதுவரை கடலையை அரைத்தும், மீனை முள் நீக்கி உதிர்த்தும், முட்டையைப் பொரியலாகவும் தரலாம்.

புரதப் பொடி கட்டாயமில்லை. உணவால் எட்ட முடியாதபோது மட்டும் துணைக்கு வரட்டும். 1994-இல் நூறு முதியோர் இல்லவாசிகளிடம் நடந்த சோதனையில், பயிற்சி இல்லாமல் சத்துப் பானம் மட்டும் பெற்றவர்களுக்கு வலிமை கூடவில்லை. வைட்டமின் டி குறைவு இரத்தத்தில் உறுதியானால் மருத்துவர் சொல்லும் அளவில் ஈடுசெய்ய வேண்டும். ‘அதிகம் போட்டால் அதிக வலிமை’ என்பது தவறு: ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் பெற்ற ஆஸ்திரேலிய மூதாட்டிகள் மற்றவர்களைவிட அதிகமாக விழுந்தனர், எலும்பு முறிவும் அவர்களுக்கு அதிகமாக நேர்ந்தது.

ஐந்தாம் படி: காய்ச்சலும் மருத்துவமனை நாட்களும்

நலமாக இருந்த முதியவர்களைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்து 2007-இல் வெளியான ஆய்வொன்றில், அந்தச் சில நாட்களுக்குள் அவர்களது கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போயிற்று. டெங்கு, நிமோனியா, எலும்பு முறிவு என்று ஒவ்வொரு படுக்கையும் ஒரு படி இறக்குகிறது; மீண்டும் ஏறாமலே அடுத்த படுக்கை வந்துவிடுகிறது.

ஆகவே மருத்துவர் தடுக்காத வரை, உணவைப் படுக்கையில் தராமல் நாற்காலியில் அமர்த்தித் தர வேண்டும். கழிவறைக்கு ஒருவர் துணையோடு நடத்திச் செல்ல வேண்டும். படுத்தபடியே கணுக்காலை அசைத்தும் தொடையை இறுக்கியும் தளர்த்தியும் நாளில் பலமுறை செய்யச் சொல்ல வேண்டும். காய்ச்சலுக்குப் பின் வாரக்கணக்கில் வெறும் அரிசிக் கஞ்சியும் பத்தியமும் என்றிருப்பதை விட்டுவிடுங்கள். தசைக்குப் புரதம் மிகுதியாகத் தேவைப்படும் நேரம் அதுதான். கஞ்சியே இறங்கும் என்றால் அதில் பாசிப்பருப்பைச் சேர்த்துக் குழைய வேகவைத்து, கூடவே பாலோ முட்டையோ தாருங்கள்.

ஆறாம் படி: மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுஅளவு

நாற்காலிச் சோதனை, நடை வேகம், கெண்டைக்கால் சுற்றளவு, உடல் எடை ஆகிய நான்கையும் ஒரு குறிப்பேட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். நரம்பும் தசையும் இணைந்து வேலை செய்யக் கற்றுக்கொள்வதால் வலிமை முதலில் கூடும். கெண்டைக்காலின் அளவு மாறப் பல மாதங்கள் ஆகும், மாறாமலும் போகலாம். நாற்காலி நேரம் 16 விநாடியிலிருந்து 13-க்கு வந்திருந்தால் நாடா என்ன சொன்னாலும் பயிற்சி பலிக்கிறது.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் எதுவும் நகரவில்லை என்றால், முதலில் எடை கூட்டப்பட்டதா என்றும் புரதம் உண்மையில் உள்ளே போகிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் வலிமை இறங்கினால் முதியோர் நல மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெரிய அரசு மருத்துவமனைகளில் இதற்கான பிரிவுகள் உள்ளன. சென்னை கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையும் இருக்கிறது. செல்லும்போது அந்தக் குறிப்பேட்டையும், உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் கையோடு கொண்டுசெல்லுங்கள்.